மேசையில் புரள்வது வேறு, கல்லாவில் தங்குவது வேறு

கோவா காசினோக்களுக்கும் வரித் துறைக்கும் மூண்ட வழக்கின் மையத்தில் இருப்பது ஒரு எளிய கேள்வி. சூதாட்ட விடுதியின் வருமானம் எது?

2023 செப்டம்பர் 22 அன்று டெல்டா கார்ப் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி புலனாய்வுத் துறையிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கோவாவில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் காசினோக் கப்பல்களையும் கரையில் ஓட்டல்களையும் நடத்தும் நிறுவனம் அது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அறிவிப்பில் கேட்கப்பட்ட வரி ரூ. 11,139 கோடி. அதன் மூன்று துணை நிறுவனங்களுக்குத் தனியாக ரூ. 5,682 கோடி. வட்டியும் அபராதமும் இதற்கு மேல். 2017 ஜூலையிலிருந்து 2022 மார்ச் வரையிலான காலத்துக்கு இந்தக் கணக்கு. அந்தக் காலத்தில் நிறுவனம் ஈட்டிய மொத்த வருவாயைக் கூட்டினாலும், கேட்கப்பட்ட வரி அதைவிடச் சில மடங்கு அதிகம்.

ஆறு கடைகள் வைத்திருக்கும் மளிகை வியாபாரியிடம், உன் கடைகளில் இதுவரை விற்ற மொத்தச் சரக்கின் விலையைப் போல் பல மடங்கு வரி கட்டு என்று சொன்னால் அவர் சிரித்துவிடுவார். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் வரித் துறையின் கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை. இருவரும் கூட்டியது இரு வேறு தொகைகளை.

இந்த விசித்திரம் புரிய வேண்டுமானால் காசினோவின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சூதைப் பற்றித் தமிழில் பேசியவர்கள் எல்லோருமே ஆடுகிறவன் பக்கத்தில் நின்று பேசியவர்கள். வள்ளுவர் பொருட்பாலில் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பாரதக் கதையைத் தெருக்கூத்தில் ஆடுகிறவர்களும் தருமன் தோற்றதைத்தான் விடிய விடியச் சொல்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிறவனின் ஐந்தொகையை எழுதிப் பார்த்தவர் எவருமில்லை.

ஓட்டலுக்குள் ஒரு கல்லா

முதலில் சட்டம். கோவாவில் காசினோவும் ஓட்டலும் இணைந்தது சந்தை செய்த ஏற்பாடல்ல, சட்டம் போட்ட முடிச்சு. 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் சூதைத் தடைசெய்தது. 1992ல் அதில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மட்டும் இயந்திர ஆட்டங்களுக்கு அரசு அனுமதி தரலாம் என்றார்கள். 1996ல் இன்னொரு திருத்தம். சீட்டு, ரூலெட் போன்ற மேசை ஆட்டங்களைக் கடலில் நிற்கும் கப்பல்களில் நடத்தலாம் என்றது அது. 2001ல் காரவெலா என்ற கப்பல் வந்தது. 'கடல்' என்று சட்டம் சொன்ன இடம் நடைமுறையில் பனாஜி நகரின் கண்ணெதிரே ஓடும் மாண்டோவி ஆறாக மாறிப்போனது. கப்பல்களை அங்கிருந்து அகற்றக் கோவா அரசு கெடு விதிப்பதும், கெடு முடியும் தறுவாயில் அதை நீட்டிப்பதும் உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கு வாடிக்கைச் செய்தி.

ஆக, காசினோ வைக்க விரும்புகிறவன் கரையிலாவது ஐந்து நட்சத்திர ஓட்டல் கட்ட வேண்டும். ஓட்டல் என்பது முற்றிலும் வேறு வகையான தொழில். அதன் சரக்கு அறை. இன்றிரவு விற்காமல் போன அறையை நாளை விற்க முடியாது. விடிந்தால் அழுகிவிடும் தக்காளி அது.

நூறு அறைகள் உள்ள ஓட்டலில் எழுபது அறைகள் ஆறாயிரம் ரூபாய் வீதம் போயின என்று வைத்துக் கொள்வோம். வரவு 4,20,000 ரூபாய். ஓட்டல்காரர்கள் இதை எழுபதால் வகுக்க மாட்டார்கள், நூறால் வகுப்பார்கள். ஓர் அறைக்கு 4,200 ரூபாய் என்று வரும். காலியாகக் கிடந்த முப்பது அறைகளின் பாவத்தையும் சேர்த்துச் சுமக்கும் எண் அது. ஓட்டல் முதலாளி காலையில் காப்பிக்கு முன் கேட்பது அதைத்தான். இரவு இரண்டு மணிக்கு, வரவேற்பறையில் ஒருவர் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருப்பாரே, அந்த இரவுத் தணிக்கையே இதற்காகத்தான். அறை, உணவு, மது, சலவை என்று துறைவாரியாக வரவு செலவைப் பிரிக்கும் முறையை 1926ல் நியூயார்க் ஓட்டல்காரர்கள் சங்கம் வகுத்துக் கொடுத்தது. உலகின் பெரிய ஓட்டல்கள் பலவும் இன்றும் அதன் வழியில்தான் கணக்கு எழுதுகின்றன.

காசினோவில் இந்த ஒழுங்கு எதுவும் செல்லாது. அங்கே விற்கப்படும் சரக்கு என்ன? பொருளும் இல்லை, சேவைக்கு விலைப் பட்டியலும் இல்லை. பணம் உள்ளே வருகிறது, பணம் வெளியே போகிறது, நடுவில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பதே தனிக் கலை.

ஒரு மேசையை எடுத்துக் கொள்வோம். மாலையில் பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள டோக்கன்களுடன் அது திறக்கிறது. நடுவில் டோக்கன் குறைந்ததால் கல்லாவிலிருந்து நான்கு லட்சத்துக்கு டோக்கன் சீட்டெழுதி அனுப்புகிறார்கள். ஆட வந்தவர்கள் கொடுத்த ரொக்கம் மேசைக்கு அடியில் உள்ள பூட்டிய பெட்டியில் விழுகிறது. பெட்டியின் சாவி மேசையில் இருப்பவரிடம் இருக்காது. விடியற்காலையில் மேசையில் மிஞ்சிய டோக்கன் ஒன்பது லட்சம். பெட்டியைத் திறந்து எண்ணினால் எட்டு லட்சம். இப்போது கணக்கு: எட்டும் ஒன்பதும் பதினேழு, அதில் பத்தையும் நான்கையும் கழித்தால் மூன்று. அந்த மேசை அன்று ஜெயித்தது மூன்று லட்சம்.

கவனியுங்கள், ஆட்டம் நடக்கும்போது யாரும் வரவு எழுதவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ரசீது கிடையாது. கடையில் சரக்கு இருப்பை வைத்து விற்பனையை ஊகிப்பது போல, இரவின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்தே நடுவில் நடந்ததை அறிகிறார்கள். அதனால்தான் கூரையெங்கும் கேமராக்கள். பணம் எண்ணும் அறையில் பை இல்லாத உடுப்பு அணிய வைக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. டோக்கன் கொண்டு போகிறவர் ஒருவர், கையெழுத்திடுகிறவர் இன்னொருவர், எண்ணுகிறவர் மூன்றாமவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கு ஆகும் சம்பளச் செலவு இந்தத் தொழிலில் கணிசமானது.

டோக்கனுக்கும் ஒரு தனி வாழ்வு உண்டு. ஆட வந்தவர் மீந்த டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், அது காசினோவுக்கு லாபமல்ல, கடன். அடுத்த வருஷம் வந்து நீட்டினால் பணம் கொடுத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு ரூபாய் நோட்டு எப்படியோ, காசினோவுக்கு டோக்கன் அப்படி.

பத்தாயிரம் எண்பதாயிரம் ஆகும் விதம்

இப்போது வழக்கின் அடிவேருக்கு வரலாம். ஒருவர் பத்தாயிரம் ரூபாய்க்கு டோக்கன் வாங்கி ரூலெட் மேசைக்குப் போகிறார். சக்கரத்தில் 37 குழிகள். ஒன்று முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் முதலாளி. அது இருப்பதால் பந்தயம் கட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக இரண்டு ரூபாய் எழுபது காசு நடத்துபவருக்குப் போகும். மற்றபடி மோசடி எதுவும் தேவையில்லை.

நம் ஆள் சிவப்பு அல்லது கறுப்பு என்று ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டுகிறார். மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம். மொத்தம் 160 பந்தயங்கள். கட்டிய தொகையைக் கூட்டினால் எண்பதாயிரம் ரூபாய். அவர் கொண்டுவந்ததோ பத்தாயிரம்தான். ஜெயித்ததையும் தோற்றதையும் மாறி மாறி வைத்ததில் அதே பணம் எட்டுத் தடவை புரண்டிருக்கிறது. சராசரிப்படி அவர் இழப்பது எண்பதாயிரத்தில் 37ல் ஒரு பங்கு, சுமார் 2,160 ரூபாய். மீதி 7,840 ரூபாயை வாங்கிக்கொண்டு, இரவு உணவும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

மூன்று தொகைகள் இருக்கின்றன பாருங்கள். மேசையில் புரண்டது எண்பதாயிரம். டோக்கன் வாங்கக் கொடுத்தது பத்தாயிரம். கல்லாவில் தங்கியது 2,160. இதில் எதற்கு வரி?

கல்லாவில் தங்கியதற்கு என்றால் அப்போதைய 28 சதவீத வரிப்படி 605 ரூபாய். டோக்கன் வாங்கிய தொகைக்கு என்றால் 2,800 ரூபாய். புரண்டதற்கெல்லாம் என்றால் 22,400 ரூபாய். அதாவது நடத்துபவர் சம்பாதித்ததைப் போல் பத்து மடங்கு. டெல்டா கார்ப் பங்குச் சந்தைக்குக் கொடுத்த விளக்கத்தில் சொன்னது இதுதான்: ஆடப்பட்ட எல்லாப் பந்தயங்களின் மொத்த மதிப்பையும் அடிப்படையாக வைத்து வரி கேட்கிறார்கள், நிகரமாகக் கையில் நின்ற தொகையை வைத்தல்ல.

வரித் துறை வானத்திலிருந்து இதைப் பிடிக்கவில்லை. 2018 ஜனவரியில் ஜிஎஸ்டி விதிகளில் ஒன்றைச் சேர்த்து, பந்தயத்திலும் சூதாட்டத்திலும் பந்தயத்தின் முகமதிப்பு முழுவதும் வரிக்குரிய மதிப்பு என்றார்கள். லாட்டரிச் சீட்டில் பரிசுத் தொகையைக் கழிக்காமல் முழு விலைக்கும் வரி போடுவது சரியே என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. லாட்டரிக்குப் பொருந்துவது ரூலெட்டுக்கு ஏன் பொருந்தாது என்பது அரசுத் தரப்பின் வாதம். வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. லாட்டரிச் சீட்டு ஒரு தடவை விற்றால் முடிந்தது. காசினோவில் ஒரே நூறு ரூபாய் நோட்டு ஒரே இரவில் எட்டுத் தடவை வேஷம் மாற்றி வருகிறது. எட்டு வேஷத்துக்கும் தனித்தனிச் சம்பளம் கேட்கும் கதைதான் இது.

சூதாட்ட விடுதிக்காரர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை என்று சொல்லலாம். நியாயம்தான். கோவாக்காரர்களே ஆடப் போகக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் அம்மாநில அரசு தடைபோட்டதே, ஊரைக் கெடுக்கும் தொழில் என்ற அச்சத்தில்தான். ஆனால் ஒரு தொழில் கெட்டது என்று அரசு நினைத்தால் மூடிவிடலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. உரிமம் கொடுத்து, ஆண்டுதோறும் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷம் கழித்துச் சம்பாதித்ததைவிட அதிக வரி கேட்பது வேறு விஷயம். அந்தக் கப்பல்களில் சீட்டுப் போடுகிறவர், சமைக்கிறவர், படகோட்டுகிறவர் எல்லோருடைய மாதச் சம்பளமும் இந்தக் கணக்கின் முனையில் தொங்குகிறது.

இந்த ஆட்டத்தில் மாநில அரசும் வெறும் பார்வையாளர் அல்ல. 2012ல் கோவாவில் சுரங்கங்கள் நின்றன. மீண்டும் தொடங்கியபின் 2018ல் உச்ச நீதிமன்றம் 88 குத்தகைகளை ரத்து செய்தது. இரும்புத் தாதுவின் வருமானம் சுருங்கிய அதே 2018ல் காசினோக் கப்பல்களின் ஆண்டுக் கட்டணம், ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, 25 கோடி முதல் 40 கோடி ரூபாய் வரை உயர்ந்தது. ஆட ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் இது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய கப்பல்கள் நவம்பரில்தான் திறந்தன. மறு ஆண்டும் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. சும்மா நிற்கும் கப்பலுக்கும் நங்கூரமும் டீசலும் காவலும் வேண்டும்.

தாஜ்மகால் மூழ்கிய கதை

வரவு ஏறி இறங்கும், செலவு நிலையாக நிற்கும். காசினோக்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான். உலகம் மறக்காத உதாரணத்துக்கு நம்மூர்ப் பெயர். அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் 1990 ஏப்ரலில் டிரம்ப் தாஜ்மகால் திறக்கப்பட்டது. வெங்காய வடிவக் கோபுரங்கள், கண்ணைப் பறிக்கும் சரவிளக்குகள். ஷாஜகான் கடன் வாங்கியதாகச் சரித்திரம் சொல்லவில்லை. டொனால்ட் டிரம்ப் வாங்கினார். 14 சதவீத வட்டியில் 67.5 கோடி டாலருக்குப் பத்திரங்கள். வட்டி மட்டும் ஆண்டுக்கு ஒன்பதரைக் கோடி டாலருக்குச் சற்றே குறைவு.

ஆள் நிரம்பி வழிந்தது. ஆனாலும் 1991 ஜூலையில் நிறுவனம் திவால் மனு போட்டது. கோடையில் கூட்டம் வரும் ஊர் அது. குளிர்காலத்தில் காற்றுதான் வரும். வட்டி கோடையிலும் குளிரிலும் ஒரே தொகை. இதைத் திறப்பு விழாவுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்ன மார்வின் ராஃப்மன் என்ற பங்குச் சந்தை ஆய்வாளர், டிரம்ப்பின் கோபத்துக்கு ஆளாகி வேலையை இழந்தார். கடன் கொடுத்தவர்கள் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டு வட்டியைக் குறைத்தார்கள். மேசைகள் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தன. நடத்துபவருக்கு ஒரு பங்கு என்ற கணிதம் ஒரு நாளும் பொய்க்கவில்லை. அது போதவில்லை, அவ்வளவுதான்.

கணிதம் பொய்க்காது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நீண்ட காலத்துக்கு உண்மை, ஓர் இரவுக்கு உண்மையில்லை. ஆயிரம் பேர் ஐந்நூறு ஐந்நூறாக ஆடினால் முடிவு ஏறக்குறைய கணக்குப்படி வரும். ஒரே ஆள் லட்சம் லட்சமாக வைத்தால் எதுவும் நடக்கலாம். டிரம்ப்பின் இன்னொரு காசினோவில் அகியோ கஷிவாகி என்ற ஜப்பானிய நிலவணிகர் 1990 பிப்ரவரியில் ஆடி, 60 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்துக்கொண்டு போனார். மே மாதம் மறுபடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை சுமார் ஒரு கோடி டாலர் தோற்றார். 1992 ஜனவரியில் அவர் ஜப்பானில் கொலையுண்டபோது, காசினோக்களுக்கு அவர் தர வேண்டிய கடன் நிலுவையில் இருந்தது. மேசையில் ஜெயித்ததும் கையில் வந்ததும் ஒன்றல்ல என்பதைக் கணக்காளர்கள் அன்று வாராக்கடன் பத்தியில் எழுதிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மேசையிலும் 'அதிகபட்சப் பந்தயம் இவ்வளவு' என்று சிறிய பலகை வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரின் நலன் கருதி வைத்ததாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும். அது நிதி மேலாளர் எழுதிய பலகை. கல்லாவில் இருக்கும் ரொக்கம் ஓர் இரவில் எவ்வளவு அடி தாங்கும் என்பதே அந்த எண்.

இலவச அறைக்கு என்ன விலை?

ஓட்டலும் காசினோவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது வீட்டுக்குள் ஒரு சண்டை ஓயாது. நன்றாக ஆடுகிறவருக்குக் காசினோ அறையை இலவசமாகக் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. அவர் சராசரியாக வைக்கும் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், நடத்துபவரின் சதவீதம் எவ்வளவு, இவற்றைப் பெருக்கினால் அவர் தோற்க வேண்டிய தொகை வரும். உண்மையில் அவர் தோற்றாரா ஜெயித்தாரா என்பது பொருட்டே இல்லை. அந்தத் தொகையில் ஒரு பங்கை உணவாகவும் அறையாகவும் திருப்பித் தருவார்கள். ஓசியில் சாப்பிட்டோம் என்று மகிழ்கிறவர், தன் பணத்தில்தான் சாப்பிடுகிறார்.

அறையின் விலையை யார் கணக்கில் எழுதுவது? ஆறாயிரம் ரூபாய் அறை அது. ஜூன் மாதத்து மழையில் ஓட்டல் பாதி காலி. அந்த அறையை ஒருவருக்குச் சும்மா கொடுத்தால் ஆகும் செலவு படுக்கை விரிப்பைத் துவைப்பது, ஏசி ஓடுவது, காலைச் சிற்றுண்டி. ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் அதே அறைக்கு வாசலில் ஆள் நிற்கிறார்கள். அன்று சும்மா கொடுத்தால் இழப்பு முழு ஆறாயிரம். புத்தாண்டு விலை என்றால் அதற்கும் மேல். ஓட்டல் மேலாளர் முழு விலையைக் காசினோவின் செலவாக எழுது என்பார். காசினோ மேலாளர், காலி அறைதானே, துவைக்கும் கூலியைத் தருகிறேன் என்பார். ஒருவர் கணக்கில் லாபம் கூடினால் மற்றவர் கணக்கில் குறையும். ஆண்டு இறுதி போனஸ் யாருக்கு என்பதும் இதில் அடங்கியிருப்பதால் சண்டை வெறும் தத்துவச் சண்டையாக நிற்பதில்லை. ஜூனில் ஒரு விலை, டிசம்பரில் ஒரு விலை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களே இதில் தப்பித்தவை.

லாஸ் வேகாஸ் இந்தச் சண்டையை வேறு விதமாக முடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் அங்கே அறையும் சாப்பாடும் தூண்டில் புழு. இன்று அந்நகரின் முக்கிய வீதியிலுள்ள பெரிய விடுதிகளில் சூதாட்டத்தின் பங்கு மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அறை, உணவு, கச்சேரி, மாநாடு என்று புழுவே மீனாகிவிட்டது. கட்டடத்தையும் தொழிலையும் பிரித்துக்கொண்டவர்களும் உண்டு. புகழ்பெற்ற பெல்லாஜியோ ஓட்டலின் கட்டடத்தை எம்ஜிஎம் நிறுவனம் 2019ல் 425 கோடி டாலருக்கு விற்று, தொடக்கத்தில் ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் என்று பேசிய வாடகைக்குத் தானே குடியேறியது. கொழும்பில் 2025 ஆகஸ்டில் திறந்த காசினோவிலும் இதே ஏற்பாடு. கட்டடம் இலங்கையின் ஜான் கீல்ஸ் நிறுவனத்துடையது, ஆட்டம் நடத்துவது மெல்கோ என்ற வெளிநாட்டு நிறுவனம். ஒருவருக்கு வாடகை, இன்னொருவருக்கு அபாயம்.

நம் நாட்டில் டாமனில் நடந்தது இதன் தலைகீழ். அங்கேயும் கோவாவின் பழைய சூதாட்டச் சட்டமே செல்லுபடி ஆகும். டெல்டா கார்ப் 176 அறைகள் கொண்ட ஐந்து நட்சத்திர ஓட்டலைக் காசினோவுக்கும் இடம் ஒதுக்கிக் கட்டியது. ஓட்டல் திறந்தது, காசினோ உரிமம் வரவில்லை. ஆண்டுகள் பல காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வராத கல்யாண மண்டபத்தில் வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது போல.

40ம் 40ம் ஒன்றல்ல

வரிச் சண்டை எங்கே வந்து நிற்கிறது? 2023 ஜூலை 11ல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் முழு முகமதிப்புக்கும் 28 சதவீதம் என்று முடிவெடுத்தது. மறுநாளே டெல்டா கார்ப் பங்கின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஆகஸ்ட் 2ல் கவுன்சில் மீண்டும் கூடி ஒரு படி இறங்கி வந்தது. புரளும் பணத்துக்கெல்லாம் வரி இல்லை, டோக்கன் வாங்கக் கொடுக்கும் தொகைக்கு மட்டும் வரி, ஜெயித்த டோக்கனை மறுபடி வைத்தால் அதைச் சேர்க்க வேண்டாம். கோவாவும் சிக்கிமும் நிகர வருவாய்க்கு மட்டுமே வரி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தன. எடுபடவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய விதி அமலுக்கு வந்தது. அதில் ஒரு சின்ன வரி கவனிக்கத்தக்கது: ஆடாமல் திருப்பிக் கொடுத்த டோக்கனுக்கும் வரியில் கழிவு கிடையாது. வாங்கியது வாங்கியதுதான்.

பழைய காலத்துக்கான அறிவிப்பின் மீது இறுதி உத்தரவு போடக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2023 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளையாட்டு நிறுவனங்களுக்கு வந்த இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதம் 28லிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது.

40 சதவீதம் என்பது உலகில் கேள்விப்படாத விகிதம் அல்ல. மக்காவ் காசினோக்கள் 35 சதவீத வரியும், இதர கட்டணங்களாக 5 சதவீதமும் கட்டுகின்றன. மொத்தம் 40. அமெரிக்காவின் நெவாடாவில் உச்ச விகிதம் 6.75 சதவீதம்தான். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் வரி கல்லாவில் தங்கியதற்கு. மேலே பார்த்த ரூலெட்காரரின் 2,160 ரூபாயில் 40 சதவீதம் என்றால் 864 ரூபாய். நம் நாட்டில் அவர் டோக்கன் வாங்கிய பத்தாயிரத்தின் மீது 40 சதவீதம், 4,000 ரூபாய். கல்லாவில் தங்கியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை ஆடுகிறவர் தலையில் கட்டினால் அவர் பத்தாயிரத்துக்கு ஆடப் பதினாலாயிரம் கொண்டுவர வேண்டும். நடத்துபவர் ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு மேசையும் நஷ்டத்தில் ஓடும். ஜெயித்தால் அந்தப் பணத்துக்கு 30 சதவீத வருமான வரி வேறு. நேற்றுத் தோற்றதை அதில் கழிக்கவும் முடியாது.

விகிதத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் அதிகம். எதன் மேல் அந்த விகிதம் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நெவாடாவும் மக்காவும் காசினோவை ஒரு தொழிலாகப் பார்த்து அதன் வருமானத்தில் பங்கு கேட்கின்றன. இந்தியா டோக்கனைச் சிகரெட்டைப் போல ஒரு சரக்காகப் பார்க்கிறது. சிகரெட் வாங்கியவர் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போவதில்லை. டோக்கன் வாங்கியவர் அதைத்தான் செய்கிறார்.

இதற்கிடையில் நிதி மேலாளர்களின் கண் அறையின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. அதே 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான ஓட்டல் அறைக்கு வரி 5 சதவீதம்தான். அதற்கு மேற்பட்ட அறைக்கு 18. டோக்கனுக்கு 40. கோவாவில் காசினோவுக்குள் நுழைபவர் பொதுவாக ஒரே சீட்டாக வாங்கிவிடுவார். நுழைவு, வரம்பில்லாத சாப்பாடு, குடி, மேடையில் ஆட்டம் பாட்டம், கூடவே கொஞ்சம் டோக்கன், எல்லாம் அதில் அடக்கம். இந்தச் சீட்டில் சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதும் பேனாவுக்கு இப்போது நல்ல வேலை. வரித் துறையும் அதை யோசிக்காமல் இல்லை. காசினோ இருக்கும் இடத்துக்குள் நுழைவதற்கான கட்டணத்தையும் அதே 40 சதவீதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.